முகில் பார்த்துப் பறத்தல்: கிளைடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் இருந்த ஆறு வருடமும் சனிக்கிழமைகளில் நான் ஒரு கிளைடர் கிளப்பில் இருந்தேன். கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, இதைச் சொன்ன இடமெல்லாம் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள், சந்தையில் மீன் வாங்கும்போது கேட்கிறார்கள், செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் பயிற்றுநர் இல்லை. தனியாகப் பறக்க அனுமதி பெற்ற ஒரு கிளப் உறுப்பினர், அவ்வளவுதான்.

ரீச்சர், கிளைடர் எண்டா பரசூட் மாதிரித் தொங்கிக்கொண்டு போறதோ?

இல்லை. அது முழு விமானம். இறக்கை, வால், கண்ணாடி மூடி, இருக்கை, இருக்கைப் பட்டி எல்லாம் உண்டு. இயந்திரம் மட்டும்தான் இல்லை. நான் பழகியது ஏ.எஸ்.கே. 21 என்ற ஜெர்மன் கிளைடரில். முன்னுக்கு மாணவர், பின்னுக்குப் பயிற்றுநர் என்று இரண்டு பேர் இருக்கலாம். இறக்கை ஒரு நுனியில் இருந்து மறு நுனிவரை 17 மீற்றர். ஏ-9 வீதியில் ஓடும் பெரிய பஸ்ஸை விட நீளம். பரசூட்டும் உண்டு, ஆனால் அது அவசரத்துக்கு முதுகில் கட்டிக்கொள்வது.

கண்ணாடி மூடிக்கு வெளியே, சரியாக நடுவில், ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். நூல் நேராகப் பின்னோக்கி நின்றால் விமானம் காற்றை நேராக வெட்டிக்கொண்டு போகிறது. பக்கமாகச் சாய்ந்தால் விமானமும் பக்கவாட்டில் வழுக்குகிறது. அத்தனை கருவிகளுக்கும் நடுவே நான் அதிகம் பார்த்தது அந்த நூலைத்தான்.

இஞ்சின் இல்லாட்டி என்னெண்டு மேல போறது?

சின்னனில் பட்டம் ஏற்றியவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒருவர் பட்டத்தைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் நூலோடு ஓடுவார் அல்லவா? அதேதான். களத்தின் மறு முனையில் வின்ச் என்று ஒரு பொறி இருக்கும். பெரிய லொறி இயந்திரம், அதில் ஒரு உருளை, உருளையில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளக் கம்பி. கம்பியின் நுனியைக் கிளைடரின் வயிற்றில் கொழுவிவிட்டு உருளையைச் சுற்றினால், சில விநாடியில் கிளைடர் நிலத்தை விட்டுக் கிளம்பி, மூக்கை நன்றாக நிமிர்த்திக்கொண்டு ஏறும். ஒரு நிமிடத்துக்குள் 1,200 அடி. மேலே போனதும் விமானி கம்பியைக் கழற்றிவிடுவார். எதிர்க்காற்று பலமாக இருந்தால் இன்னும் உயரம் கிடைக்கும், அதுவும் பட்டம் போலத்தான்.

இயந்திரம் உள்ள சிறு விமானம் ஒன்று கயிற்றில் இழுத்துக்கொண்டு போவது இன்னொரு வழி. 2,000 அடியில் கழற்றிவிடுவது வழக்கம். செலவு அதிகம் என்பதால் எங்கள் கிளப்பில் பெரும்பாலும் வின்ச்தான்.

காத்து நிண்டா விழுந்திடாதோ?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கிளைடர் பறக்கும். இறக்கைக்கு வேண்டியது வேகம். அந்த வேகத்தை அது தன் உயரத்தைக் கொடுத்து வாங்குகிறது. இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் சைக்கிள் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். ஏ.எஸ்.கே. 21 ஒரு மீற்றர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 34 மீற்றர் முன்னே போய்விடும். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் போனால், அது விநாடிக்கு முக்கால் மீற்றர் மட்டுமே இறங்குகிறது.

கிளிநொச்சி நகருக்கு மேலே 600 மீற்றரில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 20 கிலோமீற்றர் போகலாம், ஆனையிறவை எட்டிவிடலாம். ஆனால் எதிர்க்காற்று, கீழே இழுக்கும் காற்று எல்லாவற்றையும் நினைத்து நாங்கள் பாதியைத்தான் நம்புவோம். பத்துக் கிலோமீற்றர் என்றால் பரந்தன் போய்க் கிளிநொச்சிக்குத் திரும்பலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

அப்ப எப்பவும் கீழதானே வருது? பிறகென்னெண்டு மணித்தியாலக் கணக்கா மேல நிக்கிறது?

கிளைடர் எப்போதும் கீழேதான் இறங்குகிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள காற்று அதைவிட வேகமாக மேலே போனால், கிளைடரும் சேர்ந்து மேலே போகும். வெயில் காற்றை நேராகச் சூடாக்குவதில்லை. முதலில் நிலம் சூடாகும், நிலம் தனக்கு மேலுள்ள காற்றைச் சூடாக்கும். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல், தார் வீதி, தகரக் கூரைகள் நெருங்கிய ஊர் எல்லாம் சீக்கிரம் சூடாகும். குளம் லேசில் சூடாகாது. காடு மெதுவாகத்தான் சூடாகும், ஆனால் பின்னேரத்தில் அந்தச் சூட்டை மெல்ல விடும். சூடான காற்று ஒரு கட்டத்தில் நிலத்தை விட்டுப் பிரிந்து தூண் போல எழும்பும். தெர்மல் என்று கிளப்பில் சொல்வது அந்தத் தூணைத்தான். நான் இங்கே தூண் என்றே சொல்கிறேன்.

பருந்து இறக்கையை ஒருமுறையும் அடிக்காமல் வட்டமிட்டுக்கொண்டே உயர்வதைப் பார்த்திருப்பீர்கள். இரணைமடுப் பக்கம் கூழைக்கடாக்களும் கூட்டமாக இதையே செய்யும். நாங்களும் அவற்றைப் போலத்தான். தூணுக்குள் நுழைந்ததும் இருக்கை முதுகைத் தள்ளும், ஏறும் வேகத்தைக் காட்டும் கருவி கீச் கீச் என்று சத்தமிடும், உடனே சரித்து வட்டமிட வேண்டும். விநாடிக்கு இரண்டு மீற்றர் ஏறினால் நல்ல தூண். பறவைகள் எங்களை விடக் கெட்டிக்காரர்கள். பறவை சுற்றும் இடத்தைக் கண்டால் கருவியைப் பார்க்காமலே அங்கே போவோம்.

ஒரு நாள் முழுக்க அங்க நிண்டா எத்தினை மணித்தியாலம் பறக்கலாம்?

எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமையில், காலை ஏழரை முதல் இரவு ஏழரை வரை பன்னிரண்டு மணித்தியாலம் களத்தில் நின்று, மூன்று தரம் பறந்தேன். 6 நிமிடம், 38 நிமிடம், 28 நிமிடம். கூட்டினால் ஒரு மணித்தியாலம் 12 நிமிடம்.

மீதி நேரம் எல்லாம் வேலை. கொட்டகையில் இருந்து கிளைடர்களை ஒன்றோடொன்று முட்டாமல் வெளியே எடுப்பது, ஒவ்வொரு ஆணியையும் மூட்டையும் சோதிப்பது, இறக்கை நுனியைப் பிடித்து ஓடுவது, இறங்கிய கிளைடரைத் தள்ளிக்கொண்டு வருவது, யார் எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினார் என்று எழுதுவது. சம்பளத்துக்கு ஆள் இல்லை. நீ மற்றவரைப் பறக்கவிட்டால் மற்றவர் உன்னைப் பறக்கவிடுவார். எங்கள் ஊரில் முன்பு கைமாறு வேலை செய்து வயல் வெட்டியது போலத்தான்.

காலம ஒரு வானம், மத்தியானம் வேற வானம் எண்டா என்ன செய்வியள்?

மேலே சொன்ன சனிக்கிழமையையே சொல்கிறேன். முதல்நாள் இரவு குளிர்ந்த காற்று முகப்பு ஒன்று, அதாவது சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு, கடந்து போயிருந்தது. அதன் பின்னால் வரும் காற்று துப்புரவாக இருக்கும், முகில் அழகாக எழும்பும், ஆனால் பின்னேரம் மழை கொட்டும். காலையில் முகில் 600 அடியில் மூடிக் கிடந்தது. வின்ச் 1,200 அடிக்கு ஏற்றும், முகிலுக்குள் ஏற முடியாது. ஆகவே இறக்கையில் படிந்த பனியைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். பத்தேகாலுக்கு வானம் கிழிந்து நீலம் தெரிந்தது. என் முதல் பறப்பில் நிலம் இன்னும் சூடாகவில்லை. ஏறினேன், ஒரு சுற்றுச் சுற்றினேன், இறங்கினேன்.

பன்னிரண்டு மணிக்கு வானம் முழுக்கப் பஞ்சுப் பொதிகள். ஏறிய உடனே ஒரு தூண் கிடைத்தது, 3,000 அடிவரை போனேன். அப்போது மேற்கில் ஒரு பொதி மற்றவற்றை விட உயரமாக வளர்ந்து, அடி கறுத்து, கீழே சாம்பல் நிறத் திரை தொங்குவதைக் கண்டேன். பதினைந்து கிலோமீற்றர் இருக்கும். என் தூண் அப்போதும் நன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அதை விட மனமே வரவில்லை. ஆனாலும் இறக்கையில் உள்ள தடுப்புத் தகட்டைத் திறந்து இறங்கினேன். இறங்கி, கிளைடரை நிலத்தோடு கட்டி, நாங்கள் காத்திருக்கும் பழைய பஸ்ஸுக்குள் ஏறிக் கதவை இழுக்கும்போது காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை ஒரேயடியாக எதிர்த் திசைக்குத் திரும்பியது. வடமேற்கில் நின்றது தென்கிழக்குக்கு மாறியது. நான் மேலேயே நின்றிருந்தால் பின்காற்றோடு இறங்கியிருப்பேன். ஆறு வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. அந்த நேரம் அது எனக்கு இழப்பாகத்தான் தெரிந்தது.

ஐம்பது நிமிடம் மழை. விட்ட பிறகு காற்று மாறிய திசையிலேயே நின்றதால், வின்ச், கம்பி, கிளைடர்கள், பஸ் எல்லாவற்றையும் களத்தின் மறு முனைக்கு மாற்றினோம். கிளப்பில் எவருக்கும் பிடிக்காத வேலை. ஐந்து மணிக்கு மூன்றாவது பறப்பு.

மழை விட்டு வெயில் அடிச்ச உடன பறக்கலாம்தானே? ஏன் ஐந்து மணிவரை?

களம் மாற்றியது ஒரு காரணம். மற்றது, நனைந்த நிலம். வெயிலின் சூடு முதலில் ஈரத்தை உலர்த்தப் போகும், காற்றைச் சூடாக்க மிச்சம் இராது. உடனே ஏறினால் என் முதல் பறப்பு மாதிரி ஆறு நிமிடத்தில் இறங்க வேண்டியதுதான். இறக்கையில் மழைத்துளி இருந்தாலும் கெடுதல். வழவழப்பான மேற்பரப்பில் ஓடவேண்டிய காற்று துளிகளில் தட்டித் தடுமாறும். அப்போது கிளைடர் வேகமாக இறங்கும், இறங்கும்போது வழக்கத்தை விடக் கூடிய வேகம் வைத்திருக்கவும் வேண்டும். துடைத்துவிட்டுத்தான் ஏறுவோம்.

முகிலப் பாத்து நல்ல முகில், கூடாத முகில் எண்டு என்னெண்டு சொல்றது?

ஓரத்தைப் பாருங்கள். பூக்கோவா மாதிரி விளிம்பு கூர்மையாக, அடி தட்டையாகக் கொஞ்சம் கறுத்து இருந்தால் கீழே தூண் உயிரோடு இருக்கிறது. விளிம்பு பிய்ந்த பஞ்சு போலக் கலைந்தால் அது முடிந்த கதை, கீழே காற்று இறங்கத் தொடங்கியிருக்கும். அகலத்தை விட உயரம் கூடிக்கொண்டு போனால் மழைக்குத் தயாராகிறது. தலை சப்பையாகிப் பக்கவாட்டில் விரிந்தால் இடிமுகில், ஒதுங்க வேண்டும்.

முகிலின் அடி எந்த உயரத்தில் இருக்கும் என்பதற்கு ஒரு சுருக்கக் கணக்கு உண்டு. மேலே போகும் காற்று 100 மீற்றருக்கு ஏறக்குறைய 1 பாகை குளிரும். நிலத்தில் உள்ள வெப்பநிலையில் இருந்து பனிபடு நிலையை (காற்றில் உள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை) கழித்து 125 ஆல் பெருக்கினால் அடியின் உயரம் மீற்றரில் வரும். வெப்பநிலை 34, பனிபடு நிலை 24 என்றால், வித்தியாசம் 10, முகிலடி 1,250 மீற்றர். தரம் 10 பிள்ளைகள் இதைச் செய்து பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்திருந்தது.

இடிமுகில் நல்லா மேல இழுக்கும் எண்டு சொல்லினம். அதுக்குள்ள போனா இன்னும் உயரம் போகலாமெல்லோ?

இழுக்கும், உண்மைதான். வெளியே வர விடாது. உள்ளே ஆலங்கட்டி, கண் தெரியாத வெள்ளை, ஒரு நிமிடம் மேலே தூக்கி மறு நிமிடம் கீழே எறியும் காற்று, இவற்றோடு மின்னல். 1999 ஏப்ரலில் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் அருகே பறந்துகொண்டிருந்த ஒரு ஏ.எஸ்.கே. 21 ஐ மின்னல் தாக்கிச் சிதைத்தது. உள்ளே இருந்த இருவரும் பரசூட்டில் குதித்து உயிர் தப்பினார்கள். நான் பழகியதும் அதே வகைக் கிளைடர். பரசூட் எதற்கு என்று முதல் கேள்வியில் சொன்னதன் முழு அர்த்தம் இதுதான்.

முகிலுக்குள் போகாமல் வெளியே நின்றாலும் ஆபத்து உண்டு. கொட்டும் மழையோடு இறங்கும் குளிர்காற்று நிலத்தில் மோதி நாலாபக்கமும் பாயும். மழை உங்கள் தலைக்கு வர முன்பே அந்தக் காற்று வந்துவிடும். சித்திரையில் பின்னேர இடிமழைக்கு முன் முற்றத்துக் குப்பையெல்லாம் திடீரென்று பறக்கும், ஒரு குளிர் வரும், கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓடுவோம் அல்லவா? காற்றுப்பையைத் திருப்பியதும் அந்தக் காற்றுத்தான்.

கம்பி இடையில அறுந்தா?

அறும். அதனால் அதைப் பழக்கிவிட்டுத்தான் தனியாக விடுவார்கள். பயிற்றுநர் சொல்லாமல் கொள்ளாமல் கம்பியைக் கழற்றிவிடுவார், நாம் என்ன செய்கிறோம் என்று பார்ப்பார். செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதலில் மூக்கைக் கீழே தள்ளு. ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும், இழுவை நின்றால் ஓரிரு விநாடியில் வேகம் போய்விடும். வேகம் திரும்பி வந்த பிறகுதான் யோசனை. தாழ்வாக இருந்தால் நேரே இறங்கு, உயரம் இருந்தால் சுற்றி வந்து இறங்கு.

நிலத்தை நோக்கி மூக்கைத் தள்ளுவதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. எனக்கு எட்டாவதோ ஒன்பதாவதோ தடவையில்தான் கை தானாகப் போனது.

களத்துக்குத் திரும்பி வர ஏலாட்டி?

வயலில் இறங்குவோம். இது விபத்து இல்லை, தூரம் போகிறவர்களுக்கு வழக்கம். 1,500 அடிக்கு மேலே இருக்கும்போதே வயலைத் தெரிவு செய்துவிட வேண்டும். அறுவடை முடிந்த, எதிர்க்காற்றுக்கு நேரான, மின்கம்பி இல்லாத, மாடு நிற்காத வயல். இறங்கிய பின் வயல்காரரைத் தேடிப்போய் வணக்கம் சொல்லி, கிளப்புக்குத் தகவல் கொடுத்தால், இறக்கையைக் கழற்றிப் பெட்டிவண்டியில் ஏற்றிக்கொண்டு போக நண்பர்கள் வருவார்கள். எனக்கு ஒருமுறை நடந்தது. வயல்காரம்மா தேநீர் தந்தார்.

தலை சுத்தாதோ? ஒண்டுக்கு வந்தா என்ன செய்யிறது?

வட்டமிடும்போது சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், தூரத்தைப் பார்த்தால் குறையும். முதற் சில நாட்கள் எனக்கும் இருந்தது. மற்றதுக்கு, ஏறும் முன் போய்விட்டு வருவதுதான் வழி. ஐந்தாறு மணித்தியாலம் பறப்பவர்கள் அதற்கென்று பை கொண்டுபோவார்கள்.

எத்தினை வயசில பழகலாம்? பொம்பிளைப் பிள்ளையளும் ஓட்டலாமோ?

பிரித்தானியாவில் 14 வயதில் தனியாகப் பறக்கலாம். கார் ஓட்ட வயது வராத பிள்ளை கிளைடரைத் தனியே கொண்டுபோய்க் கொண்டுவந்து இறக்குவதைக் கண்டிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு, ஓட்டலாம். கிளைடரைச் செலுத்தும் கம்பை இரண்டு விரலால் பிடித்தாலே போதும், பலம் வேண்டியதில்லை.

பெரிய விமானத்தின்ர இஞ்சின் நிண்டா கல்லு மாதிரி விழும் எண்டு சொல்றது உண்மையோ?

இல்லை. மூன்றாவது பதிலில் சொன்ன கணக்கு எல்லா விமானத்துக்கும் உண்டு, விகிதம்தான் குறைவு. 2001 ஓகஸ்டில் எயார் ட்ரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஒன்று அத்திலாந்திக் கடலுக்கு மேலே எரிபொருள் முழுவதும் தீர்ந்து, ஏறக்குறைய 120 கிலோமீற்றர் சறுக்கிப் போய் அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள். 1983 இல் கனடாவில் இதேபோல் எரிபொருள் இல்லாமல் கிம்லியில் இறங்கிய போயிங்கின் தலைமை விமானி, ஓய்வு நேரங்களில் கிளைடர் ஓட்டியவர்.

கீழ இழுக்கிற காத்துக்குள்ள மாட்டினா மெதுவாப் போனாத்தானே குறைய இறங்கலாம்?

இல்லை, வேகமாகப் போக வேண்டும். இது எனக்கும் நீண்ட நாள் மண்டையில் ஏறவில்லை. மெதுவாகப் போனால் நிமிடத்துக்கு இறங்கும் அளவு குறையும், ஆனால் அந்தக் கெட்ட காற்றுக்குள் நிற்கும் நிமிடங்கள் கூடும். மூக்கைத் தாழ்த்தி வேகமாகக் கடந்துவிட்டால் மொத்தத்தில் இழக்கும் உயரம் குறைவு. எதிர்க்காற்றிலும் அப்படியே. மணிக்கு 90 இல் போகும் கிளைடருக்கு எதிரே 40 இல் காற்று அடித்தால் நிலத்தின் மேல் 50 தான் போகிறீர்கள். கொஞ்சம் வேகம் கூட்டினால்தான் தூரம் கிடைக்கும். ஏறும் தூணுக்குள் மட்டும் மெதுவாகப் போகலாம்.

சத்தமில்லாம வாறதெண்டா இன்னும் பயமெல்லோ, பிள்ளை?

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. கிபிர் குண்டுவிமானத்தின் சத்தம் கேட்டால் எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் குதித்தவர். வண்டு என்று நாங்கள் சொல்லும் ஆளில்லா வேவு விமானம் இரைந்துகொண்டு மேலே சுற்றும் இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு விழித்திருந்தவர். வானத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தவரும் அவர்தான். அவருக்கு விமானம் என்றால் ஒரே அர்த்தம்.

முதல் நாள் கம்பி கழன்றபோது கேட்ட ‘டக்’ என்ற சத்தத்துக்கு நானும் தலையைக் குனிந்தேன். பின்னால் இருந்த பயிற்றுநர் காரணம் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் நேராகவே பறந்தார். பிறகு சத்தம் ஒன்றும் இல்லை, காற்று கண்ணாடியை உரசும் சத்தம் மட்டும். பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதில்: அதில் குண்டும் இல்லை, கமராவும் இல்லை, ஒரு ஆளும் ஒரு துண்டு நூலும்தான். அவர் நம்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது பருந்து சுற்றினால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

எங்கட வன்னியில இதைச் செய்ய ஏலுமோ?

வெயிலுக்குக் குறைவில்லை. மாசி, பங்குனியில் காலபோக வயல்கள் வெட்டுப்பட்டுக் காய்ந்து, காற்றும் அடங்கியிருக்கும் நாட்களில் பத்து மணிக்கே தூண்கள் எழும்பும். பங்குனி, சித்திரையில் பின்னேரம் இடிமழை வந்துவிடும் என்பதால் மத்தியானம் ஒரு மணிக்கு முன்பே இறங்க வேண்டும். சோளகம் பலமாக அடிக்கும் மாதங்களில் அது தூண்களைச் சாய்த்துக் கிழித்துப்போடும். கடலுக்குக் கிட்ட, முல்லைத்தீவிலோ பூநகரியிலோ, மத்தியானத்துக்குப் பின் கடற்காற்று உள்ளே வந்து நிலத்தைக் குளிராக்கிவிடும்.

சிரமம் நிலத்தில்தான். ஓடுபாதைகள் வவுனியாவிலும் இரணைமடுவிலும் இருக்கின்றன, இரண்டும் விமானப் படையிடம். எதைப் பறக்கவிடுவதென்றாலும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். வயலில் இறங்கலாம் என்றால் எங்கள் வயல்களில் பத்தடிக்கு ஒரு வரம்பு, சுற்றிவரப் பனை, யானை வேலி, மின்கம்பி. மிதிவெடி அகற்றி முடியாத காணிகளும் வடக்கில் இன்னும் உண்டு. ஆகவே இன்றைக்கு ஏலாது. ஏலும் ஒரு நாளுக்காகப் பிள்ளைகளுக்கு முகில் பார்க்கப் படிப்பிக்கிறேன்.

பருந்து சுத்துற இடத்துக்கு நேர கீழ போய் நிண்டா அந்தக் காத்துத் தெரியுமோ, ரீச்சர்?

நேர் கீழே நின்றால் தெரியாது. காற்று தூணைச் சாய்த்துக்கொண்டு போவதால் பருந்து ஒரு பக்கம் தள்ளித்தான் இருக்கும். காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்து வாருங்கள். காய்ந்த வயல் ஒன்றின் நடுவே, பதினொரு மணிபோல், அசையாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றும் இராது, வேர்க்கும். பிறகு முதுகுப் பக்கம் இருந்து ஒரு குளிர் காற்று வரும், கொஞ்சத்தில் அது பக்கம் மாறும். சூடான காற்று மேலே போன இடத்தை நிரப்ப நாலாபக்கமும் இருந்து காற்று ஓடி வருகிறது. வைக்கோல் துரும்பு ஒன்று எழும்பிச் சுற்றினால் நீங்கள் தூணின் அடியில் நிற்கிறீர்கள். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போங்கள்.